மேடாகிப் போன தெரு

நாங்கள் பிறந்து வளர்ந்த தெரு ஒரு மேட்டின் மேல் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது என் பட்டறையில் ஓடும் வெட்டு இயந்திரம். மழை பிடித்தால் கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். எனக்கே பாடம் எடுக்கிறதாம்.

இயந்திரத்தின் மேல் தப்பில்லை. கொடுத்த கம்ப்யூட்டர் பைலை அது அப்படியே பலகையில் குடைந்து வைக்கும். பைலைக் கொடுத்தது நகராட்சி. நகராட்சியிலிருந்து அதை என் கையில் கொண்டுவந்து சேர்த்தது என் சொந்தத் தம்பி.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய கார் ஷெட். உள்ளே கம்ப்யூட்டர் சொன்னபடி பலகையைச் செதுக்கும் ரூட்டர் ஒன்று, லேசர் கட்டர் ஒன்று, வாரத்தில் பாதி நாள் மக்கர் பண்ணும் 3டி பிரிண்டர் ஒன்று. கடைகளுக்குப் பெயர்ப்பலகை, பில்டர்களுக்கு அடுக்குமாடி மாடல் என்று செய்து வயிற்றைக் கழுவுகிறேன். படித்தது சிற்பம். வீட்டில் எனக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். வைத்தவள் பெரியக்கா. நான் மறுத்ததில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் ஒரு கண்காட்சி. எங்கள் பகுதியில் மழை எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பதுதான் விஷயம். பாட்டு, படம், புள்ளிவிவரம் எல்லாம் இருக்கும். நடுக்கூடத்தில் ஒரு பெரிய மேசை வேண்டும், ஆட்கள் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று கண்காட்சிப் பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். நல்ல பெண்தான். எதற்கும் கைதட்டுகிற பழக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

நான் சொன்ன யோசனை இது. ஊரையே மேசை அகலத்துக்குத் தண்ணீர் குடிக்காத பலகையில் குடைவது. உயரத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது. இல்லாவிட்டால் ஊர் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரியும். நடுவே கால்வாய். மேசைக்குக் கீழே தொட்டியும் மோட்டாரும். ஓரத்தில் ஒரு சக்கரம். சக்கரத்தை முதல் கோட்டுக்குத் திருப்பினால் அப்பா காலத்துப் பெருமழை கால்வாயில் ஓடும்; கரைக்குள்ளேயே நிற்கும். இரண்டாம் கோடு, இப்போது பெய்கிற மழை. மூன்றாம் கோடு, இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் காலத்து மழை. மழைக் கணக்கை வானிலை ஆய்வாளர்கள் தந்தார்கள். கடல் சூடேற ஏற, ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியதை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறது என்பதைக் கையால் திருப்பிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஊரின் மேடு பள்ளத்துக்கு நகராட்சியின் அளவு வேண்டும். தம்பி அங்கே வடிகால் பிரிவில் என்ஜினியர். கேட்ட அன்றே பைலை அனுப்பிவிட்டான். "சின்னக்கா, இது ரொம்பத் துல்லியமானது. இத வச்சுத்தான் சுவரே கட்டப் போறோம்" என்று பெருமையாக வேறு சொன்னான்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்வாய்க்கு ஒரு பக்கம் எங்கள் பழைய தெரு. அம்மாவும் பெரியக்கா குடும்பமும் அங்கேதான். மறுபக்கம் புதுக் காலனி. தம்பி வீடு கட்டிக் குடிபோனது அங்கே. இந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு கரையில் மட்டும் வெள்ளத் தடுப்புச் சுவர் எழுப்ப அனுமதி வந்திருந்தது. ஒரு பக்கம் சுவர் எழும்பினால் அங்கே நுழைய முடியாத தண்ணீரும் சேர்ந்து மறுபக்கம்தான் பாயும். காலனி பக்கம் என்று திட்டம் தயார். கண்காட்சி திறக்கிற அன்று மதியம், மாடியில் நகராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் கைதூக்க வேண்டியது மட்டும் பாக்கி.

அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. படித்தவர்கள் அளந்து பார்த்துச் சொல்கிறார்கள், காலனிதான் அதிகப் பள்ளமாக இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டேன். அந்த அளவுக்கு நம்பிக்கை வைத்திருந்தேன்.

ரூட்டர் முரட்டு வெட்டு முடித்து, மெல்லிய வெட்டும் முடித்து நின்றது. தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தேன். கால்வாய் சரி. பாலம் சரி. காலனி வழவழவென்று தாழ்வாக இருந்தது. எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் கை தடுக்கியது. குமிழ் மாதிரி ஒரு மேடு. சந்து இல்லை, முக்கு இல்லை, அடிபம்பு இல்லை. மொட்டைப் பாறை.

முதலில் என் கருவிதான் ஏதோ இடக்கு பண்ணிவிட்டது என்று நினைத்தேன். பைலைத் திறந்து பார்த்தால் அதிலும் அதே மேடு. கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விளங்கியது. விளங்கியதும் கையிலிருந்த பிரஷ்ஷைச் சுவரில் விட்டெறிந்தேன்.

நகராட்சி விமானத்தில் ஏற்றி மேலிருந்து அளந்த கருவிக்குத் தெரிவது எது மேலே இருக்கிறதோ அது. மரம் என்றால் மரத்தின் உச்சி, வீடு என்றால் கூரை. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மரத்தையும் கூரையையும் கழித்துவிட்டுத் தரையை மட்டும் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இடைவெளி இருந்தால் இது சுலபம். காலனியில் புல்வெளியே அவ்வளவு இருக்கிறது. எங்கள் தெருவில் கூரையும் கூரையும் முட்டிக்கொண்டு நிற்கும். சந்துக்கு மேலேகூட வெயிலுக்குத் தகரம் போட்டிருப்போம். தரையே கண்ணுக்குப் படாத இடம். கழிக்கத் தெரியாத எவனோ கூரை மொத்தத்தையும் தரை என்று எழுதிவிட்டான். நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த குற்றத்துக்காக எங்களை மேட்டில் ஏற்றிவிட்டார்கள்!

தம்பிக்குப் போன் போட்டேன். உடனே வா என்றேன். என் குரலைக் கேட்டால் வராமல் இருக்க மாட்டான்.

வந்தவன் பலகையைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. 

"உனக்குத் தெரியுமா?"

"சின்னக்கா, மொதல்ல உக்காரு."

"தெரியுமா தெரியாதா?"

"பார்த்தேன். கையெழுத்தெல்லாம் போட்டப்புறம்தான் கவனிச்சேன்."

"கவனிச்சுட்டு?"

"என்ன பண்ணச் சொல்ற? இப்போ போய் அளவு தப்புன்னு சொன்னா எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். அதுக்குள்ள அனுமதி காலாவதி ஆயிடும். ரெண்டு பக்கமும் சுவர் கிடையாது. ஒரு பக்கமாவது தப்பிக்கட்டுமே."

"அந்த ஒரு பக்கத்துல உன் வீடு இருக்கு."

"அது தற்செயல்."

"அடேங்கப்பா! நல்ல தற்செயல்டா. எனக்கெல்லாம் இப்படி ஒண்ணு அமைய மாட்டேங்குது."

அவன் முகம் சிவந்தது. "அம்மாவ நான் அம்போன்னு விட்டுடுவேனா? மழை ஆரம்பிச்சதும் அம்மா, பெரியக்கா, மாமா எல்லாரையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். மாடி ரூம் காலியாத்தான் இருக்கு."

"தெருவுல மிச்சம் இருக்கறவங்கள எந்த ரூம்ல வைப்ப?"

அவன் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. சிறு வயதில் அதே கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் மிதக்கும் செருப்புகளைக் குச்சியால் இழுத்துப் பிடித்தவன். அதனால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெரியாதவன் செய்தால் மடையன் என்று திட்டிவிட்டுப் போகலாம்.

கடைசியில் கெஞ்சினான். "இது கலைதானே சின்னக்கா. யாரு அளந்து பார்க்கப் போறாங்க? பைல்ல இருக்கறதச் செஞ்சு வச்சுடு. உனக்கும் வம்பு வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"கலைன்னா எதை வேணா பூசி மெழுகலாம்னு யாருடா உனக்குச் சொன்னது? கிளம்பு. நின்னா எதையாவது தூக்கி அடிச்சுடுவேன்."

போய்விட்டான். அவன் வண்டிச் சத்தம் அடங்கும் முன்னால் நான் டேப்பையும் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபையும் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

போன வெள்ளத்தின் கறை எங்கள் தெருச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நடுவே ரூல் போட்ட மாதிரி ஒரு பழுப்புக்கோடு. பாலத்துத் தூணிலும் அதே கோடு. காலனி முகப்புத் தூணிலும் அழிக்க மறந்துபோன ஒரு துண்டு இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் தேங்கி நின்ற தண்ணீருக்கு மட்டம் ஒன்றுதான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மலையும் பள்ளமுமாக மாறாது. கோட்டிலிருந்து தரைவரை அளந்தால் எந்த இடம் எவ்வளவு தாழ்வு என்று சொல்லிவிடலாம். எந்த விமானமும் தேவையில்லை.

அம்மா டேப்பின் ஒரு நுனியைக் கோட்டில் பிடித்தாள். பெரியக்கா மறுநுனியைத் தரையில் அழுத்தினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து ட்யூபைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு வாசலில் கோடு அம்மாவின் தோளுக்கு வந்தது. காலனி முகப்பில் அதே கோடு என் முழங்காலுக்குக் கீழே.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றாள் பெரியக்கா.

"நாம மேட்டுல இருக்கோமாம்."

"யார் சொன்னா?"

"உன் தம்பி."

பெரியக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "அவனா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு டேப்பை அடுத்த வீட்டுச் சுவருக்கு நகர்த்தினாள்.

புது அளவுகளைப் பைலில் ஏற்றி, கூரைகளை எல்லாம் கழற்றிவிட்டு, இரண்டாவது பலகை ஓட்டினேன். இந்தத் தடவை தெரு பிறந்தது. சந்துகள் பிரிந்தன. அடிபம்பு நின்ற முக்கு வந்தது. வீடுகளைத் தனித்தனியாக 3டி பிரிண்டரில் அச்செடுத்து அவரவர் இடத்தில் ஒட்டினேன். எல்லாம் கால்வாயின் கரையைவிடத் தாழ்ந்து, கிண்ணத்துக்குள் போட்டு வைத்த மாதிரி கிடந்தன.

பொறுப்பாளர் வந்து பார்த்துக் கைதட்டினார். முதல் பலகையையும் சேர்த்து இரண்டு மேசை வைக்கப் போகிறேன் என்றதும் கை பாதியில் நின்றது. "மேடம், நகராட்சி தந்த அளவு தப்புன்னு நகராட்சிக் கட்டடத்துக்குள்ளயே சொல்லணுமா?"

"நான் எதுவும் சொல்லலயே. ரெண்டு மேசை. ஒரே கால்வாய். ஒரே மழை. திருப்பிப் பார்க்கட்டும்."

அவருக்குப் பயம்தான். ஆனால் தடுக்கவில்லை. அதற்காக அவருக்கு எத்தனை கைதட்டு வேண்டுமானாலும் நான் தருவேன்.

திறப்பு அன்று நகராட்சித் தலைவர் வந்தார். பின்னால் உறுப்பினர்கள். அவர்களுக்குப் பின்னால் கஞ்சி போட்ட சட்டையில் என் தம்பி. என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே வேண்டாம் என்றான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தெருவிலிருந்து அம்மா, பெரியக்கா, தையல்காரர், இன்னும் ஒரு கூட்டம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது.

சக்கரத்தைப் பார்த்ததும் தலைவர் குழந்தையாகிவிட்டார். முதல் மேசையில் முதல் கோடு. தண்ணீர் கால்வாயோடு போனது. இரண்டாம் கோடு, கரை மீறிக் காலனிக்குள் புகுந்தது. எங்கள் மேடு மட்டும் சொட்டுக்கூட நனையாமல் நின்றது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் காலனி பக்கம் சுவர்" என்று ஓர் உறுப்பினர் ஒத்து ஊதினார்.

தலைவர் இரண்டாவது மேசைக்கு வந்தார். அதே இரண்டாம் கோடு. தண்ணீர் பாலத்தடியில் தயங்கி, திரும்பி, எங்கள் சந்துக்குள் இறங்கியது. அடிபம்பு முழுகியது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கூரைவரை உள்ளே போயின. காலனியில் புல்வெளி நனைந்ததோடு சரி.

தலைவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "ரெண்டும் ஒரே ஊர்தானே? இதுல எது சரி?"

கூடமே தம்பியைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டும், கடைசியில் உண்மை இவன் நாக்கில் போய் உட்கார்ந்துகொண்டதே!

"அதிகாரபூர்வமானது முதல் மேசைதான் சார்" என்றான் தம்பி.  "ரெண்டாவது ஒரு... கலைப்படைப்பு."

நான் பாயப் போனேன். பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அம்மா முன்னால் போய்விட்டாள்.

"ஏம்ப்பா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இதுல நம்ம வீடு எங்க இருக்கு, காட்டு."

அவள் நின்றது முதல் மேசைக்கு முன்னால். தம்பி குனிந்தான். விரல் அந்த மொட்டை மேட்டின் மேலே சுற்றிச் சுற்றி வந்தது. சந்தும் இல்லாமல் முக்கும் இல்லாமல் எதை வைத்துச் சொல்வான்?

"இந்தப் பக்கமாத்தான்மா... எங்கயாவது இருக்கும்."

"எங்கயாவதா? நீ பொறந்த வீடுடா." அம்மா இரண்டாவது மேசையைக் காட்டினாள். "சரி, இதுல?"

அவன் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போனது. பாலம் தாண்டி, அடிபம்பு முக்கில் திரும்பி, தையல்காரர் வீட்டைக் கடந்து, தண்ணீருக்குள் இறங்கி ஒரு கூரையைத் தொட்டது.

"இதோ" என்றான். சொன்ன பிறகுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது. விரலை வெளியே எடுக்கவும் தோன்றவில்லை.

தலைவர் அவன் விரலையே பார்த்தார். "என்ஜினியர், முதல் மேசைல மேடா இருக்கே, அது என்ன? தரையா?"

ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்ல என் தம்பிக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

"கூரை சார்."

மாடியில் கூட்டம் சீக்கிரமே முடிந்தது. தலைவர் ஒன்றும் உத்தமர் இல்லை. தன் தலைமேல் பழி விழாத வழியைப் பார்த்தார். மறுபடி அளந்து முடிக்கிறவரை எந்தப் பக்கமும் சுவர் இல்லை என்று முடிவு. படியில் இறங்கி வந்த தம்பி நேரே என்னிடம் வந்தான்.

"நான் சொன்னதுதானே நடந்துச்சு? ரெண்டு பக்கமும் போச்சு. இப்போ சந்தோஷமா?"

"இல்ல" என்றேன். "ஆனா இனிமே காலனியும் சேர்ந்துதான் காத்திருக்கணும். பாரு, எவ்வளவு வேகமா அளக்கறாங்கன்னு."

அப்படியேதான் நடந்தது. எங்கள் தெரு வருஷக்கணக்கில் மனு கொடுத்திருக்கிறது. ஒரு நாய் எட்டிப் பார்த்ததில்லை. காலனிக்குச் சுவர் நின்றுபோன செய்தி எட்டிய மறுநாள் காலையிலேயே தலைவர் வீட்டு வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. சுவர் கட்டும் அனுமதிக்கும் கால நீட்டிப்பு கிடைத்தது. கேட்கிறவர்கள் கேட்டால் கிடைக்கிற பொருள்தான் அது. அந்த வாரமே எங்கள் சந்தில் முக்காலியின் மேல் மட்டக் கருவி வைத்து ஆட்கள் அளந்தார்கள். அளவு வந்தது, சுவர் எங்கள் பக்கம் மாறியது, இப்போது பாதி எழும்பி நிற்கிறது. வந்து பார்க்கிறவர்கள் கலையால் நடந்த நல்ல காரியம் என்று என்னைப் பாராட்டுகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்களுக்காக யாரும் வரவில்லை. அந்தப் பக்கத்துப் புல்வெளி நனைந்துவிடும் என்றுதான் வந்தார்கள்.

அளந்த அன்று அளவுகோலைப் பிடித்தது தம்பி. அது அவன் வேலை இல்லை. அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே, தகரத்துக்கு அடியில், வியர்வை வழிய நின்றான். அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றான் மெதுவாக. "சுவர் முடியறதுக்குள்ள மழை வந்துட்டா, நம்ம வீட்டுக்கு வந்துடு. மாடி ரூம் ரெடியா வச்சிருக்கேன்."

"நம்ம வீட்டுலதானே இருக்கேன்" என்றாள் அம்மா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சந்தின் கோடியிலிருந்து முக்காலிக்காரர் கையசைத்து ஏதோ கத்தினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு மகனிடம் திரும்பினாள்.

"அங்க இருந்து கத்தறாங்க பாரு. கோல் சாயுதாம். இந்தத் தடவையாவது நேராப் பிடி."